முரண்டு பிடிக்காத துப்பாக்கி

அழகர்சாமி கடைக்குள் நுழைந்தால் போர்ட் பிளேர் அபர்டீன் பஜார்க் கடைக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். ஒரு டார்ச் லைட் வாங்கக் காலை போட்டில் கிளம்பி வந்தவன், மதியச் சாப்பாட்டு நேரத்திலும் ஏதாவது ஒரு கடை வாசலில் நின்று பட்டனை அமுக்கி அமுக்கிப் பார்த்துக்கொண்டிருப்பான். மண்வெட்டியைக் கல்லில் தட்டிக் காதைக் கொடுத்துக் கேட்பான். தார்ப்பாயைச் சூரியனுக்கு நேரே விரித்து ஓட்டை தேடுவான். "லேனா ஹை தோ லோ பாய், நஹி தோ ஜாவோ", வாங்கினால் வாங்கு, இல்லாவிட்டால் போ என்று ஒரு வங்காளிக் கடைக்காரர் பொறுமை கெட்டுக் கத்தியே விட்டார். இவன் அசரவேண்டுமே! மண்வெட்டியைத் திரும்ப வைத்துவிட்டு அடுத்ததை எடுத்துத் தட்டினான்.

பெண் பார்க்கப் போனபோதும் இதே கதைதான். ராமநாதபுரம் பக்கம் சொந்தத்தில் இந்திராணியைப் பார்த்துவிட்டு வந்தான், மறுபடி போனான், அப்புறம் ஒரு தடவை கோயிலில் வைத்துப் பார்க்கவேண்டும் என்றான். "என்னையும் தட்டிப் பாத்துத்தான் கட்டுனாரு" என்று அவள் ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். அவனுக்கு அதில் வெட்கம் கிடையாது, கொஞ்சம் பெருமைகூட. பார்த்து வாங்குகிறவன் ஏமாறமாட்டான் என்று அவன் உறுதியாக நம்பினான். அந்த நம்பிக்கைதான் அவனைக் குழியில் தள்ளியது. மெனக்கெடாதவனுக்கு இப்படி ஒரு அநியாயம் நேர்ந்திருந்தால் எனக்கு இவ்வளவு வயிற்றெரிச்சல் இருந்திருக்காது.

துறைமுகத்துக்கு அக்கரையில் பாம்பூஃப்ளாட்டில் போட்டை விட்டு இறங்கி, பஸ் பிடித்து உள்ளே போனால் காட்டோரமாக ஒரு சரிவு வரும். அழகர்சாமியின் அப்பா காட்டிலாகாவில் மரம் வெட்டும் வேலைக்கு வந்தவர். வெட்டியது போக மிச்சம் கிடந்த அந்தச் சரிவில் வீடு போட்டுக் காய்கறி வைத்தார். கீழே நெல்வயல் இருந்தது. சுனாமியில் தரை இறங்கி உப்புத்தண்ணீர் ஏறியதில் வயல் போச்சு, இப்போது அது சேறும் கோரையுமாகக் கிடக்கிறது. சரிவில் இருக்கிற தோட்டமும், சேற்றுக்கு அப்பால் நீளமாகப் போகிற மேட்டு வரப்பில் போட்ட பயத்தங்காய்ப் பந்தலும்தான் அழகர்சாமிக்கு மிச்சம்.

அதற்கும் வந்து சேர்ந்தது மான். புள்ளிமானைப் பார்த்து "ஐயோ, என்ன அழகு" என்று போட்டோ எடுக்கிற டூரிஸ்டை அந்த வரப்பில் ஒரு வருஷம் குடியிருக்கச் சொல்லவேண்டும். வெள்ளைக்காரன் வேட்டையாடி விளையாடக் கப்பலில் கொண்டுவந்து இறக்கிய ஜீவன் அது. அடித்துத் தின்ன இந்தத் தீவில் புலியும் கிடையாது, சிறுத்தையும் கிடையாது. வெள்ளைக்காரன் போய்விட்டான், மான் பெருகிவிட்டது. பயத்தங்காயில் பூவைத் தின்னும், பிஞ்சைத் தின்னும், ஒன்றும் இல்லாவிட்டால் கொடியைத் தின்னும். வெடி போட்டால் முதல் வாரம் ஓடும், அடுத்த வாரம் நின்று வேடிக்கை பார்க்கும்.

தொடர்ந்து இரண்டு வருஷ வெள்ளாமை அப்படிப் போனபிறகு இந்திராணி ஒரு நாள் சோற்றைப் போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"இந்தத் தடவையும் மான் தின்னுச்சுன்னா நானும் பாப்பாவும் பத்துபஸ்திக்குப் போயிருவோம். எங்கண்ணன் வீட்டு மாடி சும்மாதான் கெடக்கு. ஷோபனாவாச்சும் ஒழுங்கா ஸ்கூலுக்குப் போகட்டும். நீங்க வந்தா வாங்க, வராட்டி மானோட இருங்க."

அவள் கோபத்தில் சொல்லவில்லை. கோபத்தில் சொல்லியிருந்தால் அவன் பயந்திருக்கமாட்டான். மச்சினன் இராமகிருஷ்ணன் நல்ல மனுஷன்தான், போர்ட் பிளேர் ஏர்போர்ட்டில் வேலை. ஆனாலும் மச்சினன் வீட்டு மாடியில் குடியிருந்து, அவன் வாங்கிப் போடுகிற காய்கறியைத் தின்னவேண்டும் என்ற நினைப்பே அழகர்சாமிக்குத் தொண்டையில் நின்றது. இந்த ஒரு வெள்ளாமையைக் காப்பாற்றிவிட்டால் குடும்பம் இங்கே நிற்கும், இல்லாவிட்டால் கலையும். அவ்வளவுதான் கணக்கு.

அப்பா பேரில் இருந்த பயிர்க்காவல் துப்பாக்கி லைசென்ஸ் அவன் பேருக்கு மாறியிருந்தது. அப்பாவின் ஒற்றைக்குழல் துப்பாக்கி மட்டும் துருவேறி, குழலில் விரிசல் விட்டு, சுவரில் மாட்டத்தான் லாயக்கு என்று ஆகிவிட்டது. அது நன்றாக இருந்தாலும் சேற்றுக்கு அந்தப் பக்கம் வரப்பில் நிற்கிற மானுக்கு அதன் ரவை எட்டாது. ரைபிள்தான் வேண்டும். மிரட்டச் சுடலாம், மான் மேல் சுடக்கூடாது என்பது சட்டம். காட்டோரத்தில் இருக்கிறவன் சட்டத்தை எவ்வளவு தூரம் கையில் பிடித்துக்கொண்டு நடக்கிறான் என்பதை நான் சொல்லப்போவதில்லை.

பக்கத்துத் தோட்டத்து சுதாகரிடம் ஒரு ரைபிள் இருந்தது. பேக்டரியில் செய்தது, அப்படியொன்றும் பழசில்லை. "எடுத்துக்கங்கண்ணே, எனக்கு இதோட மல்லுக்கட்ட முடியல" என்று அவனே கொடுக்க முன்வந்தான். அழகர்சாமி அந்த போல்ட்டைத் திருப்பிப் பார்த்தான். போல்ட் என்பது ரைபிளுக்குத் தாழ்ப்பாள் மாதிரி. கைப்பிடியைத் தூக்கி, பின்னால் இழுத்தால் உள்ளே இருக்கிற தோட்டா வெளியே வரும். முன்னால் தள்ளி அமுக்கினால் அடுத்த தோட்டா ஏறிப் பூட்டிக்கொள்ளும். சுதாகரின் போல்ட் உள்ளங்கையால் ஓங்கித் தட்டினால்தான் எழும்பும்.

"இது ரைபிள் இல்லடா, கல்லுரலு" என்றான் அழகர்சாமி.

அந்தக் கல்லுரலைப் பற்றி ஊரில் ஒரு கதை உண்டு. போன மழைக்காலத்தில் சுதாகர் மானுக்குக் குறிவைத்து விசையை இழுத்தான். டக்கென்று ஒரு சத்தம், வெடி இல்லை. ஊமைத்தோட்டா. அதை வெளியே எடுக்க போல்ட்டைத் தட்டு தட்டென்று தட்டிக்கொண்டிருக்கும்போது, நல்லவேளை குழல் வானத்தைப் பார்த்திருந்தது, திடீரென்று டமார்! சுதாகர் பின்பக்கமாக எருக்குழியில் விழுந்தான். அவனை எழுப்பிக் குளிப்பாட்டிய அவன் சம்சாரம் ஜெயராணி அந்தக் கதையை நடித்தே காட்டுவாள். இழுத்தால் வெடிக்காது, எஜமான் அசந்த நேரம் பார்த்து வெடிக்கும் என்று டீக்கடையில் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எல்லாரையும்விட அதிகம் சிரித்தவன் அழகர்சாமி.

"போல்ட்டு நல்லா இருந்திருந்தா வெடிக்கிறதுக்கு முன்னாடியே தோட்டாவ வெளிய எடுத்திருப்பான்ல. சாமான் சரியில்லாட்டி இப்படித்தான்" என்று தீர்ப்பும் சொன்னான்.

டீக்கடையில் யாரும் மறுத்துப் பேசவில்லை. சரியாகத்தானே இருக்கிறது என்றுதான் எல்லாருக்கும் தோன்றியது.

அபர்டீன் பஜாரில் துணிக்கடை வைத்திருந்த ஜெய்னுதீன் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தபின், அவருடைய ரைபிளை விற்க அவர் மனைவி ஷரீபா ஆள் தேடிக்கொண்டிருந்தார். பழைய இங்கிலீஷ் சாமான். சுதாகருடைய ரைபிளுக்குப் போடுகிற அதே தோட்டாதான் அதற்கும். கேள்விப்பட்ட மறுநாளே அழகர்சாமி போய் நின்றான். போனவன் ஒரே நாளில் வாங்கி வந்துவிட்டான் என்று நினைத்தீர்களானால் நான் இவ்வளவு நேரம் சொன்னதை நீங்கள் கேட்கவில்லை.

முதல் நாள் குழலை மட்டும் பார்த்தான். ஜன்னலுக்கு நேரே பிடித்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு உள்ளே எட்டிப்பார்த்தான். குழலுக்குள் வெட்டியிருந்த வரிகள் சுழன்று சுழன்று போயின, எங்கேயும் அரிப்பு இல்லை. இந்த உப்புக்காற்றில் தையல் ஊசியே ஒரு வாரம் தாங்காது. அந்த மனுஷன் எப்படித்தான் எண்ணெய் போட்டு வைத்திருந்தாரோ! இரண்டாம் தடவை போய்க் குழலின் வாயை விரல் நுனியால் தடவி விளிம்பில் நெளிவு உண்டா என்று பார்த்தான். கட்டையைத் தோளில் வைத்தான், கண்ணை மூடித் தூக்கிக் கண்ணைத் திறந்தால் குறி நேராக நின்றது. ஈரத்தில் கட்டை ஊதிக் குழலைத் தள்ளுகிறதா என்று நடுவில் ஒரு காகிதத்தை நுழைத்து இழுத்தான், தடங்கலில்லாமல் வந்தது. விசையைக் காலியாக அழுத்தினான். கண்ணாடிக் குச்சி உடைகிற மாதிரி ஒரே இடத்தில் விட்டது.

கடைசியில் போல்ட். கைப்பிடியை ஒரு விரலால் தூக்கினான், எழுந்தது. அதே விரலால் இழுத்தான், வந்தது. வெண்ணெய்தான். சத்தம்கூட இல்லை. திருப்பித் தள்ளினான், இழுத்தான், தள்ளினான். ஷரீபா டீ கொண்டுவந்து வைத்து, டீ ஆறி, அதை எடுத்துப்போய்ச் சுடவைத்தும் கொண்டுவந்தார்.

"எங்க அவுககூட இவ்வளவு பார்க்கல தம்பி. கப்பல்ல கூட வந்த ஒரு துரைக்கிட்ட பேச்சுவாக்குல வாங்கிட்டு வந்துட்டாக" என்றார்.

"பாத்து வாங்கணும் அக்கா. உசிரு சம்பந்தப்பட்ட சாமான்."

"அது வாஸ்தவம்."

அரசாங்க அலைச்சல் எல்லாம் முடிந்து ரைபிளைக் கையில் வாங்கிய நாளில், அதோடு ஒரு பிஸ்கட் டப்பா நிறையத் தோட்டாவும் வந்தது. வாசல் வரை வந்த ஷரீபா அவனை நிறுத்தினார். "தம்பி, இந்தத் தோட்டாவ வச்சுச் சுட்டுறாதீக. அவுக இருக்கும்போதே பாதி ஊமையாப் போச்சுன்னு சொல்லுவாக. போற வழியில கடல்ல போட்டுருங்க."

"சரிக்கா" என்றான். சொல்லும்போது பொய்யில்லை. சாத்தம் ஜெட்டியில் போட் ஏறி, நடுத்துறைமுகத்தில் கம்பியோரம் நின்று டப்பாவைத் திறந்தான். மஞ்சள் பித்தளை, வரிசை வரிசையாக, பார்க்கத் தங்கம் போல இருந்தது. தோட்டா மெயின்லேண்டிலிருந்துதான் வரவேண்டும். அதற்கு எழுதிப் போட்டு, அனுமதி வந்து, கப்பலில் ஒப்படைத்து இறக்குவதற்குள் காய்ப்பு முடிந்துவிடும். டப்பாவை மூடிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான்.

துப்பாக்கியில் இவ்வளவு பார்த்தவன் தோட்டாவில் ஒன்றும் பார்க்கவில்லை. அவனைச் சொல்லி என்ன? அந்தப் பக்கத்தில் யார்தான் பார்த்தார்கள்? மழை விட்டு வெயில் வந்தால் பெண்கள் தகரக்கூரையில் மிளகாய் காயப்போடுவார்கள், கருவாடு காயப்போடுவார்கள், துப்பாக்கி இருக்கிற வீட்டில் தோட்டாவையும் காயப்போடுவார்கள். சுட்டு வெடிக்காத தோட்டாவைக்கூட எறிகிற வழக்கம் இல்லை. ஈரம் போனால் உயிர் வந்துவிடும், அடுத்த தடவை வெடிக்கும் என்பார்கள். பல தடவை வெடித்தும் இருக்கிறது, அதுதான் வினை.

அதற்கப்புறம் ஒன்றரை மாதம் அழகர்சாமி ராஜாவாக இருந்தான். வந்தவன் போனவன் எல்லாரிடமும் ஒரு விரலால் போல்ட்டை இழுத்துக் காட்டினான். இந்திராணிகூட, "ஆமா, பொல்லாத போல்ட்டு" என்று வாயைக் கோணிக்கொண்டு, யாரும் இல்லாதபோது தானும் ஒரு தடவை இழுத்துப் பார்த்தாள். சாயங்காலம் அவன் சேற்றோரம் உட்கார்ந்து ஒரு தடவை சுட்டால் எதிர் வரப்பில் மண் தெறிக்கும், மான் காட்டுக்குள் பறக்கும். பந்தலில் பயத்தங்காய் கை நீளத்துக்குத் தொங்க ஆரம்பித்தது. அதைப் பார்த்துவிட்டு வந்த அன்று இந்திராணி, அண்ணனுக்கு போன் போட்டு, "இப்போதைக்கு மாடியைப் பாத்து வைக்க வேணாம்ணே" என்றாள். பக்கத்து அறையில் அதைக் கேட்ட அழகர்சாமிக்குக் கண் கலங்கிவிட்டது.

அப்புறம் அடைமழை பிடித்தது. நாலு நாளில் வீட்டுக்குள் உப்பு கரைந்து ஓடியது. அடுத்தடுத்துச் சில தோட்டாக்கள் டக்கென்று மட்டும் சொல்லிவிட்டு வெடிக்காமல் நின்றன. ஒவ்வொன்றையும் அவன் போல்ட்டை இழுத்து வெளியே எடுத்து, ஒரு பீங்கான் கிண்ணத்தில் தனியாகப் போட்டுவைத்தான். வைத்தானே தவிர எறியவில்லை. வெயில் வந்த அன்று மதியம் பார்த்தால் கிண்ணம் காலியாக இருந்தது.

"இதுல இருந்தது எங்க?"

"காய வச்சு டப்பாவுல போட்டுட்டேன். எல்லாம் நல்லாச் சுடச்சுடக் காஞ்சிருச்சு" என்றாள் இந்திராணி அடுப்படியிலிருந்து. மற்ற வீடுகளில் பெண்கள் செய்வதைத்தான் அவளும் செய்தாள். அவன் வேலை ஒன்று குறையட்டும் என்று ஆசையாகச் செய்தாள்.

டப்பாவைத் திறந்து பிரிக்கலாமா என்று ஒரு கணம் நினைத்தான். ஒரு தடவை அடி வாங்கிய தோட்டாவின் அடியில் ஊசி குத்திய குழி இருக்கும், பார்த்தால் தெரிந்துவிடும். சரி, காய்ந்துவிட்டதே என்று விட்டுவிட்டான்.

அன்று சாயங்காலம் வெளிச்சம் இன்னும் இருக்கும்போதே ஒரு கிடா மான் எதிர் வரப்பில் ஏறியது. பந்தலுக்குள் தலையை விட்டு நிதானமாகத் தின்றது. அழகர்சாமி ரைபிளைத் தூக்கினான், குறி நேராக வந்து நின்றது, விசையை அழுத்தினான்.

டக்.

மான் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி தின்றது. "சீ, சனியனே" என்றான் தோட்டாவை. கை அதன் பாட்டுக்கு போல்ட்டைத் தூக்கி இழுத்தது. தட்டவேண்டியிருக்கவில்லை, முக்கவேண்டியிருக்கவில்லை. ஒரு விரல் போதும் என்று பார்த்துப் பார்த்து வாங்கியதல்லவா, வந்துவிட்டது. தோட்டா குழலை விட்டுப் பாதி வெளியே வந்த நேரத்தில், உள்ளே புகைந்துகொண்டிருந்தது அவன் முகத்துக்கு நேரே வெடித்தது.

வெடிச்சத்தம் கேட்டு இந்திராணி, மான் ஓடியிருக்கும் என்று நினைத்துக் குழம்பைக் கிண்டிக்கொண்டிருந்தாளாம். ஷோபனாதான் முதலில் ஓடியவள். சுதாகர் வண்டி பிடித்தான். பாம்பூஃப்ளாட்டில் வண்டியை ஏற்றுகிற போட் அந்தக் கரையில் நின்றது. அது இந்தக் கரைக்கு வந்து சேரும்வரை அழகர்சாமி முகத்தில் ஈரத்துண்டைப் போட்டுக்கொண்டு, "விளக்கப் போடுங்க, விளக்கப் போடுங்க" என்று சொல்லிக்கொண்டே கிடந்தான். போர்ட் பிளேர் ஆஸ்பத்திரியில் பார்த்து, சென்னைக்கு அனுப்பி, அங்கே இரண்டு கண்ணையும் பார்த்துவிட்டு, உயிர் தப்பியது பெரிசு என்றார்கள். எல்லா டாக்டரும் கடைசியில் இந்த ஒரு வாக்கியத்தைத்தான் சொல்லிக்கொடுத்து வைத்த மாதிரி சொல்கிறார்கள்.

போட் வருவதற்காக எல்லாரும் ஜெட்டியில் காத்துக்கொண்டிருந்தபோதே மான்கள் திரும்ப வந்திருக்கவேண்டும். ஜெயராணி மறுநாள் போய்ப் பார்த்தபோது பந்தலில் குச்சி மட்டும் நின்றது.

சென்னைக்கு அனுப்புவதற்கு முன்னால் ஒரு தலைமைக் காவலர் ஆஸ்பத்திரிக்கு வந்தார். கிழிந்த பித்தளையைச் சேற்றிலிருந்து எடுத்திருந்தார்கள். "இஸ்மே தோ நிஷான் ஹை பாயி. ஊசி அடிச்ச அடையாளம் இருக்கு, ரெண்டு குத்து. முன்னாடியே ஒரு தடவை அடிச்சு வெடிக்காத தோட்டாவா? மறுபடி போட்டியா?" என்று கேட்டார். இந்திராணி அந்த நேரம் மருந்து வாங்கக் கீழே போயிருந்தாள்.

"யாத் நஹி சார், ஞாபகம் இல்ல" என்றான் அழகர்சாமி. கட்டுக்குள் இருந்த முகத்தில் காவலருக்கு ஒன்றும் தெரிந்திருக்காது.

நல்ல தோட்டாக்களோடு எது கலந்தது, யார் கலந்தார்கள் என்பது அவனுக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. அவளிடம் சொல்லக்கூடாது என்று அப்போதே முடிவு செய்தான். கண் போனது போனதுதான், அவளையும் எதற்கு உயிரோடு புதைக்கவேண்டும்? துப்பாக்கி கோளாறு என்று ஊர் பேசியது, பேசட்டும் என்று விட்டான். ஷரீபா பழமும் கையுமாக ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வந்தபோது இந்திராணி எழுந்து நின்று சத்தம் போட்டாள்.

"செத்தவரு துப்பாக்கிய எங்க தலையில கட்டிட்டீங்களே! நல்லா இருப்பீங்களா நீங்க?"

"நான் அன்னைக்கே தம்பிகிட்ட..." என்று ஷரீபா ஆரம்பித்தார்.

"அக்கா, போயிட்டு வாங்க" என்றான் அழகர்சாமி கட்டிலிலிருந்து. "நீங்க வந்ததே போதும்."

அப்புறம் பழப்பையை வைக்கிற சத்தம், செருப்புச் சத்தம். நல்ல மனுஷியை வாயடைத்து அனுப்பிய பாவம் அவன் நெஞ்சில் ஏறி உட்கார்ந்தது, இறங்கவே இல்லை.

எந்த மாடிக்குப் போகக்கூடாது என்று ரைபிள் வாங்கினானோ அந்த மாடியில்தான் இப்போது குடியிருக்கிறான். மேலே பிளேன் போகும்போதெல்லாம் வீடு அதிரும். இராமகிருஷ்ணன் வாங்கிவருகிற பயத்தங்காயை மடியில் கொட்டி நுனி கிள்ளுகிறான். முற்றல், பூச்சி, அழுகல் எல்லாம் விரலால் தடவியே ஒதுக்கிவிடுவான். "மாப்ள, இவ்வளவு பாக்க வேணாம், சும்மா கிள்ளிப் போடுங்க" என்பான் மச்சினன். அன்பாகத்தான் சொல்வான். இவனுக்கு ஓவென்று அழவேண்டும் போல இருக்கும்.

கண் இல்லாதவனுக்கு லைசென்ஸ் கிடையாது. தானா என்கிற போலீஸ் ஸ்டேஷனில் கிடக்கிற ரைபிளை லைசென்ஸ் உள்ள யாருக்காவது விற்றுவிடு, இல்லாவிட்டால் சர்க்காரிடம் ஒப்படைத்துவிடு என்று சொல்லிவிட்டார்கள். உடைந்த சின்னப் பாகத்தை மாற்றியதும் ரைபிள் பழையபடி ஆகிவிட்டதாம். வாங்க வந்தவன் யார்? சுதாகர்.

இந்திராணி அழகர்சாமியின் முழங்கையைப் பிடித்து அக்கரைக்கு அழைத்துப்போனாள். தானா மேஜையில் ரைபிளை வைத்த சத்தம் கேட்டது. அடுத்து ஒரு சத்தம், சத்தம் என்றுகூடச் சொல்லமுடியாது, எண்ணெயில் இரும்பு நழுவுவது. சுதாகர் போல்ட்டை இழுத்துப் பார்க்கிறான்.

"அடேங்கப்பா! அண்ணே, இதுவல்லவோ போல்ட்டு! என் கல்லுரல தலைய சுத்தி எறிஞ்சுரலாம்."

"வேணாம்டா சுதாகர்" என்றான் அழகர்சாமி. "அது சரியில்ல. குழல்ல வரி தேஞ்சு போச்சு."

வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு நல்ல சாமானைக் குறை சொன்னான். சுதாகர் குழலை வெளிச்சத்துக்குத் திருப்பியிருக்கவேண்டும். "கண்ணாடியாட்டம் இருக்கேண்ணே! நீங்க பாத்து எடுத்தது தப்பாப் போகுமா? ஒங்க நேரம் அப்படி, அதுக்குத் துப்பாக்கி என்ன பண்ணும்?"

"வித்துத் தொலைங்களேன்" என்றாள் இந்திராணி. "அந்தச் சனியன் கண்ணு முன்னாடி இல்லாம இருந்தாச் சரி."

அழகர்சாமி சுதாகரின் குரல் வந்த பக்கம் திரும்பினான். பிறகு கேட்டான்: "டேய், தோட்டாவ இப்பவும் காயப்போடுறீங்களா?"

"பின்ன? ஜெயராணிதான் தகரத்துல கருவாட்டோட பரப்பி வைப்பா. முந்தாநாள்கூட வெடிக்காத ரெண்டக் காய வச்சிருக்கா."

இந்திராணியின் விரல்கள் அவன் முழங்கையில்தான் இருந்தன. அவளை வெளியே போகச் சொல்லலாம். என்ன காரணம் சொல்வது? சொல்லாமல் இப்படியே போட் ஏறிவிடலாம். ஏறிவிட்டால் அடுத்த மழையில், அல்லது அதற்கடுத்த மழையில், ஜெயராணி காயவைத்த ஒன்றைச் சுதாகர் இந்த போல்ட்டில் ஒரு விரலால் இழுப்பான்.

"லேனா ஹை யா நஹி லேனா? ஜல்தி போலோ" என்று, வாங்குவதா வேண்டாமா எனக் காவலர் அவசரப்படுத்தினார்.

"சுதாகரு, எருக்குழியில விழுந்தியே, நாங்கள்லாம் சிரிச்சமே, அன்னைக்கு ஒன் போல்ட்டு சட்டுனு தொறந்திருந்தா ஒனக்கும் இதேதாண்டா. தட்டிக்கிட்டே கெடந்த, அதுக்குள்ள அது குழலுக்குள்ளயே வெடிச்சுப் போச்சு. நீ தப்பிச்ச. என்னோடது முரண்டு பிடிக்கல, இழுத்ததும் வந்துருச்சு. கோளாறு துப்பாக்கியில இல்லடா, தோட்டாவுல. அடிபட்டு வெடிக்காதது உள்ளுக்குள்ள கனிஞ்சுக்கிட்டு இருக்கும். டக்குனா அப்படியே புடிச்சுக்கிட்டு நிக்கணும், தொறக்கக்கூடாது. அப்புறம் அத எடுத்துக் கடல்ல போடணும். காய வைக்கக்கூடாது. ஜெயராணிகிட்டப் போய்ச் சொல்லு, இன்னைக்கே சொல்லு."

சுதாகர் ரைபிளை மேஜையில் திரும்ப வைக்கிற சத்தம் கேட்டது. மெதுவாக வைத்தான். ரைபிளைச் சர்க்காரிடம் ஒப்படைக்கிற காகிதத்தில், அழகர்சாமியின் விரலை மையில் தொட்டு இந்திராணிதான் அழுத்தினாள். வெளியே வந்தார்கள், ஜெட்டி வரைக்கும் நடந்தார்கள், பெஞ்சில் உட்கார்ந்தார்கள். முழங்கையை அவள் விடவே இல்லை.

கடல் பக்கமிருந்து டீசல் வாடை வந்தது. அவள் குரல் ரொம்பச் சின்னதாக இருந்தது.

"அந்தக் கிண்ணத்துல தனியா வச்சிருந்தீங்களே. அத நான்தான டப்பாவுல போட்டேன்?"

இல்லை என்று உடனே சொல்லியிருக்கவேண்டும். சொல்லிப் பழகி வைத்திருந்த வார்த்தைதான், எத்தனையோ நாள் மாடியில் தனியாக உட்கார்ந்து இதற்கென்றே வைத்திருந்த வார்த்தை. அன்று பார்த்து அது நாக்கில் ஏறவில்லை. போட் வந்து கட்டியது. ஆட்கள் இறங்கினார்கள், ஸ்கூட்டர்கள் இறங்கின, ஏறுகிறவர்கள் ஏறினார்கள். மணி அடித்து, கயிற்றை அவிழ்த்து, போட் புறப்பட்டும் போனது.

"இல்ல" என்றான் அழகர்சாமி.

அதற்குள் அவன் முழங்கையைப் பிடித்திருந்த கை விலகிப் போயிருந்தது.